'காட்ஃபாதர்' படத்தின் ஆரஞ்சும் கைநடுக்கமும்: குறியீடு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடித்த படத்தை மறுபடி மறுபடி பார்க்கும்போது, கதை முன்பே தெரிந்திருப்பதால், நம் கவனம் தானாகவே மேசைமேல் இருக்கும் பழத்துக்கும் நடிகர் கையை வைத்திருக்கும் விதத்துக்கும் போய்விடுகிறது. ஒரு படத்தை ஆழ்ந்து வாசிப்பதும் தவறாக வாசிப்பதும் அந்த ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் இயக்கத்தில் 1972-இல் வெளிவந்த 'த காட்ஃபாதர்' அளவுக்கு ரசிகர்கள் தோண்டித் துருவிய படங்கள் குறைவு என்பதால், அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு பொருளுக்கு ஒரே அர்த்தத்தை நிலையாகக் கட்டிவைப்பதுதான் மிகப் பரவலான தவறு. இந்தப் படத்தில் ஆரஞ்சு வந்தால் பின்னாலேயே சாவு வரும் என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். 'டான்' என்றழைக்கப்படும் மாஃபியா தலைவர் விட்டோ கோர்லியோனே பழக்கடையில் ஆரஞ்சு வாங்கும்போதுதான் சுடப்படுகிறார். இறக்கும் நாளிலும் அவர் கையில் ஆரஞ்சு இருக்கிறது. ஆனால் பழக்கடையில் சுடப்பட்டவர் பிழைத்துக்கொள்கிறார். ஆரஞ்சுகள் வைத்த மேசையில் விருந்துண்ணும் ஹாலிவுட் தயாரிப்பாளர் வோல்ட்ஸும் சாவதில்லை, அவருடைய குதிரைதான் சாகிறது. கலை இயக்குநர் டீன் டவுலாரிஸோ, இருண்ட காட்சிகளுக்கு நிறம் கூட்டவே அந்தப் பழங்களை வைத்ததாக விளக்கியிருக்கிறார்.

அதைக் கேட்டவுடன், அப்படியானால் ஆரஞ்சுக்கு அர்த்தமே இல்லை என்று முடிவு கட்டுவதும் அதே அளவு பிழையானது. தோட்டத்தில் விட்டோ ஆரஞ்சுத் தோலைப் பல்லுக்கு முன்னால் செருகிக்கொண்டு பேரனுக்கு வேடிக்கை காட்டுகிறார். குழந்தையோ சிரிக்காமல் பயந்து அழுகிறது. ஊருக்கே அச்சம் தந்த மனிதர் தம் பேரனின் கண்ணுக்கும் ஒரு கணம் பூதமாகத் தெரிகிறார் என்ற அர்த்தம், எந்தப் பட்டியலிலிருந்தும் வராமல் அந்தக் காட்சியில் நடப்பதிலிருந்தே வருகிறது. ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் மேலிருந்து ஒளியை விழச்செய்ததற்கு, விட்டோவாக நடித்த மார்லன் பிராண்டோவின் ஒப்பனையும் ஒரு காரணம்; இருந்தும் அதனால் கண்கள் நிழலில் மறைந்து, டானின் மனத்தை யாராலும் படிக்க முடியாமல் போவது திரையில் உண்மையாகவே நிகழ்கிறது.

உடல்மொழியில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நேர்கிறது. பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்று நம்புகிறவர்கள், படத்தின் முடிவில் விட்டோவின் மகன் மைக்கேல், தங்கையின் கணவனைக் கொல்லச் சொன்னது நீயா என்று கேட்கும் தன் மனைவி கேயை நேராகப் பார்த்து, அமைதியாக, 'இல்லை' என்று சொல்வதைக் கவனிக்க வேண்டும். அவன் முகத்தில் எதுவும் பிடிபடாது. சற்று நேரத்தில் குடும்பத்தின் மூத்த அடியாள் கிளெமென்ஸா அவன் கையை முத்தமிடுவதும், கேயின் முகத்துக்கு முன்னால் கதவு சாத்தப்படுவதும்தான் அந்தப் பொய்யை வெளிப்படுத்துகின்றன.

ஒரே ஒரு அசைவை வைத்துப் பாத்திரத்தின் குணத்தை முடிவு செய்வது அடுத்த தவறு. விட்டோ படுத்திருக்கும் மருத்துவமனையின் வாசலில், அவரைக் கொல்ல வந்தவர்களின் கார் திரும்பிப் போனபின், ரொட்டிக்கடை என்ஸோ சிகரெட் பற்றவைக்கப் பார்க்கிறார். கை நடுங்குவதால் லைட்டர் எரியவில்லை. மைக்கேல் அதை வாங்கிப் பற்றவைத்துவிட்டு, நடுக்கமே இல்லாத தன் கையை ஒரு கணம் பார்க்கிறான். இதைத் துணிச்சலின் அடையாளம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் பாதிதான் வாசித்திருக்கிறோம், ஏனெனில் அந்தப் பார்வையில் இருப்பது பெருமிதம் அல்ல. தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றை அவன் அப்போதுதான் தெரிந்துகொள்கிறான். அதே மனிதன் பின்னர் உணவகத்தில், தான் சுட்டுக் கொல்லப்போகும் எதிரி சொலோஸோவின் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கண்கள் நிலைகொள்ளாமல் அலைபாய்கின்றன.

அந்த உணவகக் காட்சியை ஒலியில்லாத துணுக்காகவோ நிறுத்திவைத்த படமாகவோ பார்த்து விளக்கம் எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். சொலோஸோ இத்தாலிய மொழியில் பேசுவதற்குத் துணைத்தலைப்பு இல்லை. திரையில் தெரியாத ரயிலின் இரைச்சல் ஏறிக்கொண்டே போகிறது. ஒலியை எடுத்துவிட்டால் எஞ்சுவது குழம்பிய ஓர் இளைஞனின் முகம் மட்டுமே. ஒலியோடு பார்த்தால், எதிரே இருப்பவர் பேச்சு காதில் ஏறாத அளவுக்கு அவன் மனம் ஒரு முடிவை நோக்கி இரைவது புரியும்.

படப்பிடிப்புச் செய்திகளைக் கையாள்வதிலும் நிதானம் தேவை. டானின் அடியாள் லூக்கா பிராஸியாக நடித்த முன்னாள் மல்யுத்த வீரர் லெனி மொன்டானா, பிராண்டோவின் முன்னால் டானை வாழ்த்தும் வசனத்தைப் பதற்றத்தில் தடுமாறிச் சொன்னார். கொப்போலா அந்தத் தடுமாற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு, திருமண விருந்தில் லூக்கா தனியாக உட்கார்ந்து அதே வாழ்த்தை முணுமுணுத்துப் பழகுவதாக ஒரு காட்சியைப் பின்னர் சேர்த்தார். ஆகவே அது நடிகரின் பதற்றம் மட்டுமே என்று தள்ளிவிடுவதும், தொடக்கத்திலிருந்தே திட்டமிட்ட நுட்பம் என்று போற்றுவதும் பொருந்தா. டானின் முன்னால் நாக்குழறும் முரட்டு அடியாள் என்ற வாசிப்புக்கு அந்த ஒத்திகைக் காட்சியே போதிய ஆதாரம்.