காரை விற்றாச்சு, தலைவலி போகவில்லையா? பெயர் மாறும்வரை செய்ய வேண்டியவை

போன வருஷம் என் 2014 மாடல் வேகன்ஆரை விற்றேன். வாங்கியவர் திண்டுக்கல்காரர். காபி குடித்தார், 2,35,000 ரூபாயை அக்கவுண்ட்டில் போட்டார், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் பெயர் மாற்றத்துக்கான ஆர்.டி.ஓ. படிவங்களான 29, 30 ஃபார்ம்களில் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.யையும் கொடுத்து அனுப்பினேன். “ஒரு வாரத்துல பேர் மாத்திடுறேன் சார்” என்றார்.

அந்த ஒரு வாரம் ஐந்து மாதமாக நீண்டது. நடுவில் என் பெயருக்கு இரண்டு போக்குவரத்து அபராதச் சலான், “கியர்பாக்ஸ் போச்சு, நாற்பதாயிரம் திருப்பிக் கொடுங்க” என்று ஒரு தகராறு, கூடவே ஒரு மோசடி மெசேஜ். அப்போது அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். விளம்பரம், விலை பேசுவது எல்லாம் இங்கே இல்லை. கார் லோன் இருந்திருந்தால் பேங்க் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்கி ஹெச்.பி.யை (ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பை) கேன்சல் செய்து முடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பணம் வந்ததா என்று பேங்க் ஆப்பில் பாருங்கள்

ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். எஸ்.எம்.எஸ்.ஸையும் நம்பாதீர்கள், அதை யாரும் அனுப்பலாம். செக் என்றால் அது பாஸாகி, பணம் கணக்கில் ஏறும்வரை சாவி உங்கள் கையில் இருக்கட்டும். “மிலிட்டரியில இருக்கேன், வண்டியப் பார்க்க வர முடியாது, அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க” என்று ஒருவர் பேசினால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

ரொக்கமாக வாங்குகிறவர்கள் கவனிக்க: 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

படி 2: டெலிவரி நோட்டில் நேரம் எழுதுங்கள்

வண்டியைக் கொடுத்ததற்கு இருவரும் எழுதிக்கொள்ளும் தாள்தான் டெலிவரி நோட். அதில் தேதி எல்லோரும் எழுதுகிறார்கள், நேரத்தை விட்டுவிடுகிறார்கள். மாலை 6.40-க்கு வண்டி கை மாறி, 7.30-க்கு எங்காவது இடித்தால் அந்த நேரம்தான் உங்களைக் காப்பாற்றும். கிலோமீட்டர் ரீடிங், சேசிஸ் எண், பணம் வந்த விவரம், வாங்குபவரின் முகவரி, அடையாள அட்டை நகல் எல்லாம் வேண்டும். கடையில் விற்கிற அச்சடித்த படிவத்தைவிட வெள்ளைத்தாளில் கையால் எழுதுவதே எனக்குப் பிடிக்கும், வேண்டியதை எல்லாம் சேர்க்கலாம். முக்கியமாக இந்த வரி: “வண்டியை ஓட்டிப் பார்த்து, மெக்கானிக்கை வைத்துச் சோதித்து, இருக்கும் நிலையில் பெற்றுக்கொண்டேன்.” இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து, ஒரு சாட்சி.

படி 3: பெயர் மாற்றம் (நான் சறுக்கிய இடம்)

கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். ஃபார்ம் 29 என்பதே நாம் கொடுக்கும் அந்த அறிவிப்புதான். அதை வாங்குபவர் கையிலேயே கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், 2007-இல் ஒருவர் விற்ற வண்டி பல கை மாறி 2009-இல் விபத்தில் சிக்கியது. பதிவு மட்டும் முதல் ஆள் பெயரிலேயே இருந்தது. நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. எனக்கு இதை ஒரு வக்கீல் நண்பர் சொன்ன அன்று ராத்திரி தூக்கமில்லை.

மறுநாள் அந்தத் திண்டுக்கல்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: “சார், ரெண்டு தடவை கவர்மெண்டோட பரிவாகன் சைட்ல அப்ளை பண்ணிப் பார்த்தேன். ஓ.டி.பி. உங்க நம்பருக்குப் போகுது. அந்த நம்பரே உபயோகத்துல இல்லையே.”

பார்த்தால், 2014-இல் வண்டியைப் பதிவு செய்தபோது ஷோரூம் ஏஜெண்ட் தன் நம்பரைப் போட்டிருக்கிறார்! பரிவாகன் தளத்தில் சேசிஸ், என்ஜின் எண் முதலிய விவரங்களைக் கொடுத்து என் நம்பரை ஏற்றினேன். ஐந்து மாதம் இழுத்த வேலை அதற்குப் பிறகுதான் நகர்ந்தது. ஆகவே, விற்பதற்கு முன்பே உங்கள் வண்டிக்கு யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். புரோக்கரை நம்பி விடுவதைவிட, வாங்குபவரை அருகில் உட்கார வைத்து அன்றே ஆன்லைனில் விண்ணப்பிப்பதுதான் என் கட்சி.

ஆள் போனையே எடுக்கவில்லை என்றால்? ஃபார்ம் 29 பிரதி, டெலிவரி நோட், அவருடைய அடையாள நகல், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றோடும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு கடிதம் கொடுத்து, உங்கள் பிரதியில் சீல் வாங்குங்கள். சீல் இல்லாத பிரதி வெறும் காகிதம். வாங்கியவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் ரசீது) வாங்குங்கள். இதனால் சட்டப் பொறுப்பு முழுக்க நீங்கிவிடாது. ஆனால் நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்று காட்டக் கையில் ஏதாவது இருக்கும்.

படி 4: “வண்டி சரியில்ல, பணத்தைத் திருப்பிக் கொடு”

இரண்டாவது மாதம் அதே மனிதர்தான் கியர்பாக்ஸ் கதையோடு வந்தார். நான் பதறிப்போய், “சரிங்க, பத்தாயிரம் தர்றேன்” என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. போனில் அப்படி ஒப்புக்கொண்டால் குறை தெரிந்தே விற்றதாக ஆகிவிடலாம்.

தனி ஆள் தனி ஆளுக்கு விற்கிற பழைய வண்டிக்கு, எழுதிக் கொடுத்தால் ஒழிய, வாரண்டி கிடையாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் பொதுவாக வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்கிறது. ஆனால் மீட்டரைத் திருத்தியிருந்தாலோ, கேட்டபோது விபத்தை மறைத்துப் பொய் சொல்லியிருந்தாலோ இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. அப்போது கேட்கிறவர் பக்கம்தான் நியாயம், பேசி முடியுங்கள்.

பேச்சை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவாருங்கள். நான் அனுப்பியது இவ்வளவுதான்: “வணக்கம். வண்டியை உங்கள் மெக்கானிக் பார்த்த பிறகே வாங்கினீர்கள். சர்வீஸ் பில்களையும் அன்றே கொடுத்தேன். டெலிவரி நோட் நகலை இணைத்துள்ளேன். வேறு ஏதேனும் இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள்.” அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தால் மட்டும் நாமே பதில் எழுத உட்காராமல் ஒரு வக்கீலிடம் போவது நல்லது. ஏதாவது கொடுத்து முடிப்பதாக இருந்தால், இனி பாக்கி ஏதுமில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

படி 5: சலான்

சலானை எப்போதும் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த ‘சலானில்’ ஒரு ஏ.பி.கே. ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) இருந்தது. அதைத் தட்டியிருந்தால் போனில் இருக்கும் ஓ.டி.பி. எல்லாம் திருடன் கைக்குப் போயிருக்கும். உண்மையான சலானுக்குத் தேதி, நேரத்தை டெலிவரி நோட்டோடு ஒப்பிட்டு வாங்கியவரைக் கட்டச் சொல்லுங்கள். என்னுடையதில் ஒன்று விற்பதற்கு முந்தைய வாரத்தது, வாயை மூடிக்கொண்டு நானே கட்டினேன்.

பின்சேர்க்கை

படித்த சிலர் கேட்டவை. பழைய வண்டி வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங்கில் விட்டால் என்ன செய்வது? 2023 ஏப்ரல் 1 முதல் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைப்பதை ஃபார்ம் 29சி வழியாகத் தெரிவிக்கலாம். டீலருக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வாங்குபவர் பெயரை நிரப்பாமல் வெற்று 29, 30-இல் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாங்கியவருக்குக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி முதலில் எழுதியிருந்தேன். 2025 செப்டம்பர் முதல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது என்று ஒருவர் திருத்தினார். நன்றி.

இன்ஷூரன்ஸைக் கேன்சல் செய்து மிச்சப் பணத்தை வாங்கலாமா என்று கேட்டவருக்கு: பெயர் மாறும்வரை தொடாதீர்கள். விபத்து என்றால் நஷ்ட ஈடு உங்கள் தலையில் விழாமல் தடுப்பது அதுதான். பெயர் மாறிய பிறகு, சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸை (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை) மட்டும் கடிதமாக வாங்கி வையுங்கள், அடுத்த வண்டிக்கு உதவும்.

ஃபாஸ்டேக்கை விட்டுவிட்டேன். வண்டியைக் கொடுக்கும் முன் கண்ணாடியிலிருந்து கிழித்துவிட்டு, கொடுத்த பேங்கிலும் மூடிவிடுங்கள். கொடைரோடு டோலில் என் காசு மூன்று தடவை போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.