மடிக்கணினி வாங்கப் போகும்போது ஒரு சுங்குடித் துண்டையும் எடுத்துச் செல்லுங்கள்

அக்கா மகள் இந்த ஆண்டு விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்திருக்கிறாள். திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து போக வேண்டும். போன வாரம் என் கடைக்கு வந்து, "சித்தி, ஐ7 பிராசஸர் உள்ள மடிக்கணினி வாங்கினால் எல்லாம் ஓடும் என்கிறார் கடைக்காரர்" என்றாள். சிம்மக்கல் பக்கம் பதினெட்டு ஆண்டுகளாகக் கல்யாணப் பத்திரிகையும் சேலை கேட்டலாக்கும் வடிவமைத்து வருகிறவள் நான். "திரை எப்படிப்பட்டது?" என்றுதான் முதலில் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லையாம்.

சில ஆண்டுகளுக்கு முன், விலை குறைவு என்று நான் ஒரு மடிக்கணினி வாங்கினேன். அதில் செய்த முதல் வேலை ஒரு சுங்குடிச் சேலை கேட்டலாக். அரக்குச் சேலை திரையில் வெளிறிப்போய்ச் செங்கல் நிறமாகத் தெரிந்தது. படம்தான் சரியில்லை என்று நினைத்துச் சிவப்பை ஏற்றினேன். போதாது என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். சிவகாசியில் அச்சாகி வந்த கட்டைப் பிரித்தால், அரக்கு ரத்தச் சிவப்பாக மாறியிருந்தது. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து எடுத்த வெள்ளைப் புள்ளிகள்கூட ரோஜா நிறமாகிவிட்டன. சேலை வியாபாரி அந்தத் தாளின்மேல் சேலையை விரித்துப் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆயிரம் பிரதிகளையும் என் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன்.

அந்தக் கணினியின் விவரத் தாளில் "45 விழுக்காடு என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தது. அதன் பொருள் அப்போது எனக்குத் தெரியாது. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் ஒரு திரை எவ்வளவு வண்ணங்களைக் காட்டும் என்று அளக்கும் அளவுகோல்கள். என்டிஎஸ்சி கணக்கில் 72 வந்தால்தான் எஸ்ஆர்ஜிபி கணக்கில் ஏறத்தாழ 100. அப்படியானால் 45 என்பது, சாதாரணமாகக் காட்ட வேண்டிய வண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆகவே "100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் அல்லது ஓஎல்இடி வகைத் திரையாக இருக்கட்டும். திரையின் வெளிச்சம் 300 நிட்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறைய வேண்டாம். ஒரே பெயரில் விற்கும் மடிக்கணினி இரண்டு மூன்று வகைத் திரைகளோடு வருவதுண்டு. பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணுக்கு என்ன திரை என்று சரிபார்த்துவிடுங்கள்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கவும் முடியும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு துணியைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். துணியையும் பையில் வையுங்கள். திரையில் படத்தைத் திறந்து துணியைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனால் அரக்கு அரக்காகத் தெரிகிறதா, செங்கலாகத் தெரிகிறதா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து நின்று பாருங்கள். நிறம் மாறினால் அது வேண்டாம். வருகிற சனிக்கிழமை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் அவளோடு போகும்போது இதைத்தான் செய்யப் போகிறேன்.

அடுத்தது ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைக் கணினி வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். ஏ3 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று ஒரு போஸ்டரைத் திறந்தால் 3508க்கு 4961. சுமார் 1 கோடியே 74 லட்சம் புள்ளிகள். அச்சுக்கான நான்கு வண்ணத்தில் ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு) முழுக்க நிறைந்திருந்தால் ஏறத்தாழ 70 எம்பி பிடிக்கும். முப்பது லேயர் போட்டால் 2 ஜிபி தாண்டிவிடும். பக்கத்தில் இல்லஸ்டிரேட்டர் என்ற வரைகலை மென்பொருள், பிரவுசர் எல்லாம் திறந்திருக்கும். 8 ஜிபியில் மூச்சுத் திணறும். 16 வேண்டும். பிற்பாடு கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள். பல மெல்லிய கணினிகளில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பகுதியைப் பார்த்தால் ரேம் செருகும் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கணினியின் மூளையான பிராசஸரில், ஐ5, ஐ7 என்பதைவிட அதன் மாடல் எண்ணின் கடைசி எழுத்து முக்கியம். எச் என்றால் வேகம் அதிகம், சூடும் அதிகம். யு என்றால் பேட்டரி நெடுநேரம் தாங்கும். போட்டோஷாப், கோரல்டிரா, லோகோ, பத்திரிகை என்று இருக்கிறவர்களுக்குத் படங்களைக் கையாளுவதற்கென்றே உள்ள தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயமில்லை. பிளெண்டரில் முப்பரிமாண வேலை, வீடியோ எடிட்டிங் என்று போனால் ஆர்டிஎக்ஸ் 4050 போன்ற 6 ஜிபி கார்டு உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அந்தக் கணினி பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், சார்ஜரின் கனம் தனி. பேட்டரியில் ஓடும்போது வேகமும் குறைந்துவிடும். காலை நேரத் திருமங்கலம் பஸ்ஸில் நின்றபடி அதைச் சுமக்கப் போவது அவள்தானே. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அது வேண்டாம் என்றே சொன்னேன்.

பணம் இடித்தால் கோப்புகளைச் சேமிக்கும் இடத்தைக் குறைக்கலாம். 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். பழைய கோப்புகளை வெளியே ஒரு டிஸ்கில் போட்டுக்கொள்ளலாம். திரையின் தரத்தை மட்டும் குறைக்காதீர்கள். ஏற்கெனவே வெளிறிய திரையுள்ள கணினி வீட்டில் இருந்தால், அதை விற்க வேண்டியதில்லை. நல்ல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றை வாங்கி இணைத்துக்கொண்டு, வண்ணம் பார்க்கும் வேலையை அதில் செய்யலாம்.

சித்திரை வெயிலில் மெத்தையின்மேல் வைத்து வேலை செய்யாதீர்கள். அடியிலுள்ள காற்றுவழி அடைபட்டால் சூடேறி, கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பணம் கொடுக்குமுன் கடையிலேயே, திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று ஒவ்வொன்றாக வைத்து, எங்காவது புள்ளி செத்திருக்கிறதா என்று பாருங்கள். இரவு வெளிச்சம் என்று மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பில்லில் முழு மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.