காப்பி அடித்து மாட்டினால் பொறுப்பு யாருக்கு? பள்ளி நடத்துபவர்களுக்கு ஒரு வழிமுறை

நல்ல பெயர் எடுத்த, படிப்பில் கடுமையான ஒரு பள்ளியில் மாணவர் யாராவது காப்பி அடித்து மாட்டினால் உடனே இரண்டு பேச்சு கிளம்பும். பிள்ளை சரியில்லை என்று பள்ளி சொல்லும், பள்ளிதான் பிழிந்தெடுக்கிறது என்று வீடு சொல்லும். இரண்டிலுமே கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுபடி செய்ய விடாதீர்கள். மாணவர் செய்ததைத் தனியாகவும், பள்ளி உருவாக்கிய சூழலைத் தனியாகவும், முடிந்தால் வேறு வேறு ஆட்களை வைத்து விசாரியுங்கள்.

மாணவரிடம் "ஏன் செய்தாய்?" என்று கேட்டால் அழுகை வரும், இல்லாவிட்டால் ஒத்திகை பார்த்த பதில் வரும். "எப்போது முடிவு செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். முந்தின இரவு என்றால் வேலைச்சுமையைப் பாருங்கள், அந்த வாரத்தில் எத்தனை தேர்வு, எத்தனை ஒப்படைப்பு ஒன்றாக வந்தது என்று. தேர்வு அறையில் உட்கார்ந்த பிறகுதான் என்றால் கண்காணிப்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். ஒரு வாரம் முன்பே நாலு பேர் கூடிப் பேசி வைத்தது என்றால் அதுதான் பெரிய விஷயம், அங்கே காப்பி அடிப்பது நண்பனுக்குச் செய்யும் உதவியாக மாறிவிட்டது என்று அர்த்தம். விடை கொடுத்தவர் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிறவராக இருப்பார், அவரை விட்டுவிட்டு வாங்கியவரை மட்டும் பிடிப்பது அநியாயம்.

2012 ஜூனில் நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளியில், நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும் என்கிற பள்ளி அது, மாநிலத் தேர்வு வினாத்தாளை ஒரு மாணவர் கைபேசியில் படம் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பிய விவகாரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் சிக்கினார்கள். அந்தக் கோடையிலேயே தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். அத்தனை பேர் சேர்ந்து செய்யும்போது ஒவ்வொருவருடைய குணத்தையும் அலசிப் பார்த்துக்கொண்டிருந்தால் பதில் கிடைக்காது. 1928-லேயே ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சோதித்து, ஒரு சூழலில் நேர்மையாக இருக்கும் பிள்ளை இன்னொரு சூழலில் ஏமாற்றக்கூடும் என்று காட்டிவிட்டார்கள்.

அதற்காக மாணவரைச் சும்மா விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தத் தேர்வின் மதிப்பெண் போகட்டும், வேறு வினாத்தாளில் மறுபடி எழுதட்டும். இடைநீக்கம் செய்து வீட்டுக்கு அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை, ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளை இன்னும் பின்தங்கும், அடுத்த தேர்வுக்கு அதே காரணம் மறுபடி தயாராகிவிடும்.

சரி, பள்ளியின் பங்கு. காலையில் ஒரு பிரிவுக்குக் கொடுத்த வினாத்தாளை மதியம் இன்னொரு பிரிவுக்கும் அப்படியே கொடுக்கிறீர்களா? மொத்த மதிப்பெண்ணும் ஒரே தேர்வில் தொங்குகிறதா? தரவரிசையைச் சுவரில் ஒட்டுகிறீர்களா? கூட்டாகச் செய்யலாம், தனியாகத்தான் செய்ய வேண்டும் என்ற வரம்பை ஒவ்வொரு ஒப்படைப்பிலும் எழுதிக் கொடுக்கிறீர்களா, அல்லது அது அந்தந்த ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்ததா? அப்புறம், ஏற்கெனவே தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விட்ட ஆசிரியர் யாராவது உண்டா என்றும் கேட்டாக வேண்டும். புகார் எழுதினால் தலைவலி, பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், நிர்வாகம் கைவிட்டுவிடும் என்று பயந்துதான் பலர் பேசாமல் இருப்பார்கள்.

பெற்றோரை அழைக்கும்போது மாணவரின் தண்டனையைச் சொல்லுங்கள், அதே சந்திப்பில் பள்ளி எதை மாற்றப் போகிறது, எந்தத் தேதிக்குள் என்றும் எழுத்தில் கொடுங்கள்.