டெஸ்க்டாப் ஆப் செட்டிங்ஸுக்கு மோதாத பேர் வைக்கிறது எப்படி

சிக்பேட்டைல ஏதாவது துணிக்கடை கம்ப்யூட்டரைப் பாருங்க, பில்லிங்குக்கு ஒண்ணு ஸ்டாக்குக்கு ஒண்ணுன்னு நாலஞ்சு சாஃப்ட்வேர் இருக்கும், பாதி இங்க பெங்களூர்லயே சின்ன டீம்கள் எழுதிக் கொடுத்தது. அதுல ரெண்டு ஆப் "பில்லிங்"ங்கிற ஒரே பேர்ல செட்டிங்ஸ் சேமிச்சா ஒண்ணோட பிரிண்டர் செட்டிங்க இன்னொண்ணு அழிச்சிடும், கடைக்காரர் என்ன ஆச்சுன்னே புரியாம முழிப்பார். அதனால பேர் விஷயத்துல அலட்சியம் வேண்டாம்.

நான் சொல்றது, உங்க கைல இருக்கிற டொமைனை, அதாவது வெப்சைட் பேரை, திருப்பிப் போட்டு வைங்க. பேச்சுக்கு கடைக்கணக்கு டாட் இன் உங்களுதுன்னா "இன்.கடைக்கணக்கு.பில்லிங்". மேக்ல ப்ரெஃபரன்சஸ் ஃபைலுக்கு வழக்கமே இதுதான். விண்டோஸ்ல செட்டிங்ஸ் சேமிக்கிற இடமான ரெஜிஸ்ட்ரில கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், அதுக்குள்ள கம்பெனி பேர், அப்புறம்தான் ஆப் பேர், கம்பெனி லெவலை விட்டுட்டு நேரா ஆப் பேரைப் போடாதீங்க. லினக்ஸ்ல டாட் கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ள இந்தப் பேர்ல வைங்க. டொமைன் இல்லையா, கோட் வைக்கிற தளமான கிட்ஹப்ல உங்க யூசர்நேம் போதும், "ஐஓ.கிட்ஹப்"னு ஆரம்பிச்சு அதைச் சேர்த்துக்கலாம்.

டெஸ்க்டாப் ஆப் எழுதுற க்யூடி லைப்ரரி யூஸ் பண்றவங்க ஆர்கனைசேஷன் நேம், டொமைன், அப்ளிகேஷன் நேம் மூணையும் மெயின் ஃபங்ஷன்லயே, செட்டிங்ஸ் ஆப்ஜெக்ட் உருவாகுறதுக்கு முன்னாடி செட் பண்ணிடுங்க. வெப் டெக்னாலஜில டெஸ்க்டாப் ஆப் எழுதுற எலக்ட்ரான்ல பேக்கேஜ் ஃபைல்ல இருக்கிற பேர்தான் டேட்டா ஃபோல்டர் பேரா போகும், டெம்ப்ளேட்ல வந்த பேரை அப்படியே விட்டா அதே டெம்ப்ளேட் எடுத்த இன்னொருத்தர் ஆப்பும் அதே கம்ப்யூட்டர்ல இருந்தா கண்டிப்பா மோதும்.

சேமிக்கிற பேர்ல சின்ன இங்கிலீஷ் எழுத்து, நம்பர், புள்ளி போதும், ஸ்பேஸ் வேண்டாம். விண்டோஸ் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது, லினக்ஸ் பார்க்கும், ரெண்டுலயும் ஓடணும்னா எல்லாம் சின்ன எழுத்துலயே வைங்க. ஸ்கிரீன்ல காட்டுற பேர் வேற, அதைத் தமிழ்லயே அழகா வைங்க, எத்தனை தடவை வேணா மாத்துங்க.

வெர்ஷன் நம்பரைப் பேர்ல சேர்க்காதீங்க, அப்டேட் ஆனதும் பழைய செட்டிங்ஸ் எல்லாம் காணாமப் போன மாதிரி ஆயிடும், வெர்ஷனை உள்ள ஒரு வேல்யூவா வைங்க. டெஸ்ட் பில்டுக்கு மட்டும் கடைசில "டெவ்" போட்டுத் தனியா வைங்க, இல்லன்னா நீங்க தினமும் யூஸ் பண்ற ஆப்போட செட்டிங்ஸே கெட்டுடும்.

பேரை மாத்தியே ஆகணும்னா புது வெர்ஷன் முதல் தடவை திறக்கும்போது புதுப் பேர்ல எதுவும் இல்லன்னா பழைய பேர்ல தேடி காப்பி பண்ணுங்க, பழசை உடனே அழிக்காதீங்க, யாராவது முந்தின வெர்ஷனுக்குத் திரும்பிப் போக வேண்டி வரலாம்.