முதியோர் இல்லம் பார்க்க மாலையில் போங்கள்

அம்மாவையோ அப்பாவையோ சேர்க்க நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் முதியோர் இல்லம் தேடுகிறீர்களா? பகல் வெயிலில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது; தை, மாசி இரவுகளில் குளிர் எலும்பு வரை இறங்கும். பொழுது சாய்ந்தபின் போய், படுக்கை அறைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் கசிந்தால், கம்பளியில் பூஞ்சண வாடை வந்தால், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அந்த இடம் சரிவராது. வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். கரண்ட் போனால் என்ன வழி என்றும் கேளுங்கள். சரிவில் கட்டிய வீடுகளில் அறைக்கு அறை படி இருக்கும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நீங்களே நடந்து பாருங்கள்.

இரவில் யார் நிற்கிறார்கள், அவருக்குத் தமிழ் தெரியுமா? மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம் என்பேன். நடுராத்திரியில் "நெஞ்சு அடைக்குது" என்று அம்மா சொன்னால், அது புரிகிற ஆள் பக்கத்தில் வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் அதைக் கூப்பிட வேண்டியவர் இரவில் நிற்கும் அந்த ஆள்தானே.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்த இடமா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்திலும் விசாரிக்கலாம். மாதக் கட்டணத்தில் மருந்து, பெம்பர்ஸ் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், கிளினிக் கொப்பியின் பிரதி ஒன்றை அங்கே கொடுத்து வையுங்கள்.