தராசையும் கணினியையும் இணைக்கும் சீரியல் கேபிள்: செய்முறை விளக்கம்

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கும் கடைகளிலும் குளச்சல் பக்கம் மீன் எடை போடும் இடங்களிலும் உள்ள பல எலக்ட்ரானிக் தராசுகளின் பின்புறம், ஒன்பது பின் கொண்ட ஆர்எஸ்-232 (தகவலை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் முறை) இணைப்பு ஒன்று இருக்கும். அதிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள் போட்டுவிட்டால், எடையை யாரும் கையால் எழுத வேண்டியதில்லை. தராசு எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும் வகையாக இருந்தால் இரண்டே கம்பிகள் போதும்.

ஷீல்டு (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள கேபிள், பொருத்தமான டிபி9 (ஒன்பது பின்) கனெக்டர்கள், ஈயப்பற்று, சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் சீரியல் போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பி சீரியல் கன்வெர்டரும் வேண்டும்.

பற்றவைக்கும் முன் அளந்து பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. கணினிப் பக்கத்தில் 2ஆம் பின் தகவலை வாங்கும், 3ஆம் பின் அனுப்பும், 5ஆம் பின் கிரவுண்டு, இதில் குழப்பமில்லை. தராசுப் பக்கத்திலோ அனுப்புவது 2ஆகவும் இருக்கலாம், 3ஆகவும் இருக்கலாம். தராசை இயக்கி, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை 5ஆம் பின்னிலும் சிவப்பு முனையை 2, 3 ஆகியவற்றில் ஒவ்வொன்றாகவும் தொட்டுப் பாருங்கள். எதில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டுகிறதோ அதுவே அனுப்பும் பின். வாங்கும் பின்னில் ஏறக்குறைய பூச்சியம்தான் இருக்கும். தகவல் ஓடிக்கொண்டிருக்கும்போது எண் சற்றுத் தள்ளாடினால் அஞ்ச வேண்டாம். மைனஸ் எதுவும் இல்லாமல் பிளஸ் 3.3 அல்லது 5 வோல்ட் காட்டினால் அது டிடிஎல் (சிப்புகள் தங்களுக்குள் பயன்படுத்தும் குறைந்த வோல்ட்) நிலையாக இருக்கக்கூடும் என்பதால், அதை ஆர்எஸ்-232 வோல்ட்டாக மாற்றும் மேக்ஸ்232 மாட்யூல் இல்லாமல் நேரடியாக இணைக்காதீர்கள்.

இனித் தராசை அணைத்துவிட்டு, அனுப்பும் பின்னைக் கணினிப் பக்கத்து 2ஆம் பின்னுக்கும், 5ஐ 5க்கும் பற்றவையுங்கள். பின் எண்ணைக் கனெக்டரின் முகப்பைப் பார்த்து எண்ணக் கூடாது. என் முதல் கேபிளில் முன்பக்கம் இடமிருந்து எண்ணிய நான், பின்பக்கம் திருப்பியும் இடமிருந்தே எண்ணியதால் 2 போக வேண்டிய கம்பி 4க்கும், 5 போக வேண்டியது 1க்கும் போய், ஒரு மதியம் முழுவதும் வீணானது. பின்னை ஒட்டிப் பிளாஸ்டிக்கில் மிகச் சிறிதாக எண் பொறித்திருக்கும். கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள்.

ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கனெக்டரின் உலோகக் கூட்டோடு இணையுங்கள். முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டுச் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். ஆதலால் ஈயம் பூசிய கம்பியை வாங்கி, ஒவ்வொரு பற்றின் மீதும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) மாட்டுங்கள். கேபிள் 15 மீட்டருக்குள் இருக்கட்டும்.

மல்டிமீட்டரின் பீப் ஒலியால் இரு முனைகளையும் சரிபார்த்த பின், கணினியில் டெர்மினல் மென்பொருளைத் திறந்து, தராசின் கையேட்டில் உள்ள வேகத்தைக் கொடுங்கள். 9600 பாட் (வேகம்), 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இல்லை, 1 ஸ்டாப் பிட் (முடிவைக் காட்டும் பிட்) என்பது பரவலான அமைப்பு. தராசில் ஒரு கல்லை வைத்ததும் திரையில் புரியாத எழுத்துகள் வந்தால், பெரும்பாலும் வேகம்தான் பொருந்தவில்லை. எதுவுமே வராவிட்டால் மல்டிமீட்டரை மறுபடி கையில் எடுத்து, கணினிப் பக்க முனையில் 2க்கும் 5க்கும் இடையே அந்த மைனஸ் வோல்ட் வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.