சில நேரம் ஸ்ராட் ஆகும், சில நேரம் ஆகாது: பழைய வாகனத்தில் நாங்கள் விடும் பிழைகள்

பழைய வாகனம் ஒரேயடியாகப் படுத்துவிட்டால் அவ்வளவு கவலை இல்லை, எது செத்ததோ அதைக் கண்டுபிடித்து மாற்றிவிடலாம். பத்துத் தரம் திறப்பைத் திருப்பினால் ஒன்பது தரம் ஒழுங்காக ஸ்ராட் ஆகி, பத்தாவது தரம் ஆளில்லாத றோட்டில் கைவிடுகிற வாகனம்தான் மனிசரை அலைக்கழிக்கும். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஸ்ராட் ஆகும், பாஸ், அதாவது மெக்கானிக், உங்களைப் பார்ப்பார், நீங்கள் வாகனத்தைப் பார்ப்பீர்கள், பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து எதையாவது மாற்றுவீர்கள். அந்த இடத்தில்தான் காசு வீணாகப் போகத் தொடங்குகிறது.

எங்கள் டீசல் வானுக்கு இது முதல்முதல் வந்தது முறிகண்டியில். கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான ஏ9 றோட்டால் வருகிறவர்கள் அங்கே நிற்பாட்டாமல் போவது குறைவு. நாங்களும் வவுனியாவில் இருந்து நல்ல வெயிலில் ஓடி வந்து, பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறித் திறப்பைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும். இன்னொரு தரம், அதே ‘டக்’. ஆறேழு தரம் திருப்பிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஸ்ராட் ஆனது. அடுத்த நாளே புதுப் பற்றறி வாங்கிப் போட்டேன். மூன்று கிழமை நன்றாக ஓடியது, பற்றறிதான் பிழை என்று நானும் நம்பிவிட்டேன். அப்புறம் ஒரு நாள் பின்னேரம், எஞ்சின் சூடாக இருக்கும்போது, திரும்பவும் ‘டக்’.

முதல் பிழை இதுதான், சத்தத்தைக் கேட்காமலே பற்றறியில் பழியைப் போடுவது. ‘ஸ்ராட் ஆகவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எஞ்சின் சுத்துகிறதா, சுத்தவில்லையா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். சுத்தவில்லை என்றால் பற்றறி, வயர், எஞ்சினைச் சுத்திவிடுகிற மோட்டரான ஸ்ராட்டர், திறப்புச் சுவிச் பக்கம். நன்றாகச் சுத்தியும் பிடிக்கவில்லை என்றால் டீசல், டீசல் லைனுக்குள் புகுந்த காற்று, குளிர்ந்த எஞ்சினை உள்ளே சூடாக்குகிற ஹீற்றர் பிளக் பக்கம். இரண்டும் வேறு வேறு வருத்தம். சுத்தாத வாகனத்திலும் சத்தம் கதை சொல்லும். ஹெட் லைற்றைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். ‘டக டக டக’ என்று அடித்து லைற்றும் மங்கிச் செத்தால் பற்றறியில் பவர் இல்லை, அல்லது அதன் பெரிய வயர் எங்கேயோ சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’, லைற் அப்படியே பளிச்சென்று நிற்கிறது என்றால் ஸ்ராட்டருக்குள் பாருங்கள். சத்தமே இல்லாமல் லைற்றும் நன்றாக எரிந்தால் சிக்னல் ஸ்ராட்டருக்கே போகவில்லை. திறப்புச் சுவிச், கரண்டைத் தொடுத்துவிடுகிற சின்னப் பெட்டியான றிலே, ஓட்டோ கியர் வாகனமாக இருந்தால் கியர் ‘பி’யிலோ ‘என்’னிலோ இருக்கிறதா என்று பார்க்கிற சுவிச், இவற்றைச் சந்தேகப்படலாம். ஓட்டோ கியரில் ‘பி’யில் ஸ்ராட் ஆகாதபோது ‘என்’னில் போட்டு ஒரு தரம் திருப்பிப் பாருங்கள், அதில் உடனே ஸ்ராட் ஆகும் பழக்கம் இருந்தால் பிழை அந்தச் சுவிச்சில்தான்.

என் வானைக் கடைசியில் பார்த்தவர் போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை இருந்தபோது தொழில் பழகிய ஒருவர். வன்னிக்குள் பெற்றோல் வராமல், ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. மாற்றிப் பார்க்கப் புதுச் சாமான் இல்லை, அதனால் எது பிழை என்று தெரியாமல் எதையும் கழற்றுவதில்லை என்ற பழக்கம் அவருக்கு ஊறிப்போய்விட்டது. அவர் என்னிடம் நிறையக் கேட்டார். சூட்டிலா குளிரிலா, எத்தனை தரம் திருப்பினால் வருகிறது, லைற் மங்குகிறதா, மழை நாளா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்லத்தான் நான் இவ்வளவு நாளும் ஒன்றையுமே கவனிக்கவில்லை என்று விளங்கியது.

பிறகு ஸ்ராட்டரைக் கழற்றி, பின்பக்கத்து மூடியைத் திறந்து உள்ளே காட்டினார். எல் வடிவில் இரண்டு செப்புத் துண்டுகள். ஒன்று நல்ல தடிப்பாக இருந்தது. மற்றதன் ஓரம் அரிபட்டு, கறுத்து, நகத்தால் தொட்டால் பள்ளம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. திறப்பைத் திருப்பும்போது உள்ளே ஒரு தண்டு பாய்ந்து, அதன் தலையில் இருக்கும் செப்புத் தட்டு இந்த இரண்டிலும் ஒன்றாக முட்ட வேண்டும், முட்டினால்தான் பெரிய கரண்ட் மோட்டருக்குப் போகும். ஒரு பக்கம் தேய்ந்தால் தட்டு சரிந்து முட்டும், ஒரு தரம் பிடிக்கும், ஒரு தரம் பிடிக்காது. அந்த ‘டக்’ தண்டு பாய்கிற சத்தம். சூடேறினால் அந்தத் தண்டை இழுக்கிற காந்தச் சுருளின் இழுவை குறைந்துவிடுவதால்தான் எனக்கு எப்போதும் ஓடி வந்து நிற்பாட்டிய பிறகே இது நடந்திருக்கிறது. பழைய ஜப்பான் வான்கள் நிறையவற்றில் வருகிற தேய்மானம் இது, அந்தச் செப்புத் துண்டுகளை மட்டும் மாற்றலாம், முழு ஸ்ராட்டர் வாங்கத் தேவையில்லை.

அடுத்த பிழை, பற்றறியைச் சும்மா இருக்கும்போது அளப்பது. எஞ்சின் நின்று ஓரிரு மணித்தியாலம் போன பிறகு 12.6 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். ஆனால் பாரம் இழுக்கும்போது அது என்ன காட்டுகிறது என்பதே முக்கியம். இன்னொருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லிவிட்டு வோல்ற் மீற்றரைப் பற்றறியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள், வயரின் கிளிப்பில் வைக்காதீர்கள். சுத்தும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றறி பலமில்லை. ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் நின்றால் சார்ஜ் ஆகிறது. நம்முடைய வெயிலுக்குப் பற்றறித் தண்ணி கெதியாகக் குறையும், குறைந்ததற்குக் கிணற்றுத் தண்ணியை விடாதீர்கள், அதில் இருக்கும் உப்பு தட்டுகளைக் கெடுத்துவிடும்.

பற்றறியின் பிளஸ் வயரையே உரசித் துடைத்துவிட்டு, மைனஸ் பக்கத்தை எஞ்சினோடும் உடம்போடும் சேர்க்கிற ஏர்த் வயரை மறந்துபோவதும் நிறையப் பேர் செய்கிற பிழை. கிறவல் றோட்டிலும் வயல் வரம்பிலும் ஓடுகிற வாகனத்தில் எஞ்சினுக்கும் சேசிக்கும் இடையில் போகிற ஏர்த் பட்டியின் போல்ட்டுக்கு அடியில் செம்மண் புழுதியும் கறலும் ஏறிக் கிடக்கும், மேலே பார்த்தால் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் மைனஸ் குமிழிலும் மற்றதை ஸ்ராட்டரின் உடம்பிலும் வைத்து, திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ற்றுக்கு மேல் போனால் அந்தப் பாதையில் எங்கேயோ தடை இருக்கிறது. பிளஸ் பக்கமும் இப்படித்தான், குமிழில் இருந்து ஸ்ராட்டரின் பெரிய போல்ட் வரை அரை வோல்ற்றுக்கு மேல் காட்டக் கூடாது.

சரி, பழுது வருகிற நேரம் மீற்றர் கையில் இருக்காதே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ஸ்ராட்டரில் சின்ன வயர் ஒன்று வந்து ஏறும், திறப்பின் சிக்னல் அதில்தான் வருகிறது. அந்த இடத்தில் இருந்து பியூஸ் போட்ட ஒரு மெல்லிய வயரை உள்ளே இழுத்து, 12 வோல்ற் சின்ன பல்ப் ஒன்றைப் பூட்டி, மற்ற முனையை ஏர்த் பண்ணி, டாஷ்போட்டில் ஒட்டிவிடுங்கள். திறப்பைத் திருப்பும்போதெல்லாம் அது எரியும். என்றைக்காவது ஸ்ராட் ஆகாத நாளில் பல்ப் நன்றாக எரிந்தால் சிக்னல் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஸ்ராட்டர் பக்கம் பாருங்கள். எரியாவிட்டால் சுவிச், றிலே, அந்த வயர். மங்கலாக எரிந்தால் திறப்புச் சுவிச் தேய்ந்திருக்கலாம். நெல் மூட்டை அடுக்குகிற கொட்டிலுக்குள் நிற்பாட்டும் வாகனமென்றால் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

விடிய எழும்பினால் நன்றாகச் சுத்தியும் பிடிக்காத டீசல் வாகனத்துக்குப் பல நேரம் காற்றுத்தான் காரணம். வெளியே டீசல் ஒழுகவில்லையே என்று அதைத் தள்ளிவிடாதீர்கள், தாங்கியில் இருந்து பம் வரைக்கும் உறிஞ்சுகிற பக்கம், அங்கே வெடித்த ஹோஸால் டீசல் வெளியே வராமலே காற்று உள்ளே போகும், இரவு முழுக்க டீசல் மெல்லப் பின்னுக்கு இறங்கிவிடும். டீசலைக் கையால் ஏற்றுகிற கைப்பம்மை நாலைந்து தரம் அமத்தினதும் ஸ்ராட் ஆனால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. பில்டருக்குப் பிறகு ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் போட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ‘இந்த வெக்கைக்கு ஹீற்றர் பிளக் எதற்கு’ என்று சொல்வதும் சரியில்லை, பழைய டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்கு மார்கழி விடியலில் அது வேண்டும். ஹீற்றர் பிளக் இருக்கும் எஞ்சினுக்கு ஸ்ராட்டிங் ஸ்பிறே மட்டும் அடிக்காதீர்கள், உள்ளே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடக்கூடும்.

ஸ்குரூடிரைவரால் ஸ்ராட்டரைக் குறுக்கே தொட்டு ஸ்ராட் பண்ணுகிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன், கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் செய்யாதீர்கள். கியரில் நிற்கும் வாகனம், ட்ரக்டர் என்றால் இன்னும் மோசம், அடியில் கிடக்கிறவர் மேலேயே ஏறிப் போகும்.

இன்னொன்று, ஒரே நாளில் பற்றறி, றிலே, ஸ்ராட்டர் என்று மூன்றையும் மாற்றிவிட்டால் எது பிழையாக இருந்தது என்று கடைசிவரை தெரியாது, பழுது திரும்பி வந்தால் தொடக்கத்தில் இருந்து தேட வேண்டும். ஒன்றை மாற்றினால் பத்து நாளாவது ஓடிப் பாருங்கள். கராஜுக்கும் நேரம் பார்த்துக் கொண்டுபோங்கள். விடிய வருகிற வருத்தமென்றால் முதல்நாள் பின்னேரமே விட்டுவிட்டு, குளிர்ந்த எஞ்சினைப் பாஸே விடிய ஸ்ராட் பண்ணிப் பார்க்கட்டும். சூட்டில் வருவதென்றால் ஒரு மணித்தியாலம் ஓடி, வாசலில் நிற்பாட்டி, கால் மணித்தியாலம் கழித்து அவர் முன்னாலேயே திறப்பைத் திருப்புங்கள். என் வான் மூன்றாவது தரம் அப்படித்தான் அவர் கண்ணுக்கு முன்னால் ‘டக்’ என்றது, அதற்குப் பிறகு ஸ்ராட்டரைக் கழற்றிச் செப்பு மாற்றிப் பூட்ட ஒரு பொழுதுகூடப் போகவில்லை.